கிருஷ்ண மேனன்: இரு வல்லரசுகளுக்கு நடுவே ஒலித்த குரல்

புது தில்லி: இந்தியத் தலைமை நீதிபதியின் அதிகாரப்பூர்வ இல்லம் அமைந்துள்ள சாலைக்கு கிருஷ்ண மேனன் மார்க் என்று பெயர். செய்திகளில் அடிக்கடி இடம்பெறும் முகவரி அது. அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டால் இன்று கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் இரண்டுதான். காஷ்மீருக்காக ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சிலில் ஏறத்தாழ எட்டு மணி நேரம் வாதாடியவர் என்பது ஒன்று. 1962-ம் ஆண்டு சீனப் போரில் நாடு தோல்வியடையக் காரணமான பாதுகாப்பு அமைச்சர் என்பது மற்றொன்று.

இரண்டு பதில்களுக்கும் இடையே இருப்பது ஐந்தே ஆண்டுகள். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஆயுதங்களாலும் வானொலிகளாலும் பத்திரிகைகளாலும் உலகைத் தம் பக்கம் இழுக்க முயன்ற காலம் அது. அப்போதுதான் விடுதலை பெற்றிருந்த ஒரு நாடு தலைநிமிர்ந்து பேச முடியும் என்ற நம்பிக்கையை இந்தியர்களுக்கு அளித்தவர்களில் வி.கே. கிருஷ்ண மேனன் முதல் வரிசையில் இருந்தார். அந்த நம்பிக்கை எங்கே பயன்பட்டது, எங்கே கண்ணை மறைத்தது என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சான்று.

சென்னையிலிருந்து லண்டனுக்கு

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கோழிக்கோட்டில் 1896-ம் ஆண்டு மே 3-ம் தேதி மேனன் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். கோழிக்கோட்டில் படிப்பை முடித்து சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால், அன்னி பெசன்ட் அம்மையாரின் ஹோம்ரூல் இயக்கமும் அடையாறு பிரம்மஞான சபையும் அவரை ஈர்த்துக் கொண்டன. 1924-ல் பெசன்ட்டின் உதவியுடன் லண்டன் சென்றார். சிறிது காலம் தங்கித் திரும்புவதாக இருந்த பயணம், 28 ஆண்டுகள் நீண்டது.

லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் பேராசிரியர் ஹெரால்டு லாஸ்கியின் மாணவராக இருந்தபோது அவருடைய சோஷலிசப் பற்று உறுதிப்பட்டது. இந்தியா லீக் அமைப்பின் செயலராகப் பொறுப்பேற்று, இந்திய விடுதலைக்கு ஆதரவாக பிரிட்டிஷ் தொழிற்சங்கங்களிலும் தொழிலாளர் கட்சிக் கிளைகளிலும் தேவாலய மண்டபங்களிலும் ஓயாமல் பேசினார். 1932-ல் தொழிலாளர் கட்சியினர் அடங்கிய குழு ஒன்றை இந்தியாவுக்கு அழைத்து வந்து, அடக்குமுறை குறித்து அறிக்கை தயாரிக்கச் செய்தார். தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் முன்னுரை எழுதிய அந்த அறிக்கைக்கு இந்தியாவில் தடை விதிக்கப்பட்டது.

பிரசாரத்தின் வலிமையை மேனன் கற்றுக்கொண்டது இந்த ஆண்டுகளில்தான். ஆளும் நாட்டின் தலைநகரிலேயே, ஆளுபவர்களின் மொழியிலேயே, அவர்களுடைய மனசாட்சியைத் தட்டிக் கேட்கும் கலை அது. 1937-ல் தொடங்கிய பெலிகன் மலிவுப் பதிப்பு நூல் வரிசையின் தொடக்ககால ஆசிரியர்களில் அவரும் ஒருவர். லண்டன் செயின்ட் பான்கிராஸ் நகரமன்றத்தில் 1934 முதல் 1947 வரை உறுப்பினராக இருந்து நூலகங்களை வளர்த்தார். அதே காலகட்டத்தில் பிரிட்டிஷ் உளவுத்துறையான எம்.ஐ.5 அவரைத் தொடர்ந்து கண்காணித்து வந்தது. அந்தக் கோப்புகள் 2007-ல்தான் பொதுமக்களின் பார்வைக்கு வந்தன.

1935-ல் லண்டனில் ஏற்பட்ட ஜவாஹர்லால் நேருவின் நட்பு அவருடைய பொதுவாழ்வைத் தீர்மானித்தது. விடுதலைக்குப் பின் பிரிட்டனுக்கான இந்தியத் தூதராக 1947 முதல் 1952 வரை பணியாற்றினார். அப்போது ராணுவத்துக்கு ஜீப் வாங்கியதில் நடைமுறைகள் மீறப்பட்டதாக எழுந்த புகார் நாடாளுமன்றத்தில் பெரும் விவாதமானது. 1955-ல் அரசு அதை முடித்து வைத்தபோதும், எதிர்க்கட்சியினர் மறக்கவில்லை.

போர்க் கைதிகளின் விருப்பம்

ஐ.நா.வுக்கான இந்தியக் குழுவில் 1952-ல் மேனன் இடம்பெற்றபோது, கொரியப் போர் மூன்றாவது ஆண்டில் இருந்தது. போர்நிறுத்தப் பேச்சு 1951 ஜூலையிலேயே தொடங்கிவிட்டது. மற்ற அம்சங்களில் பெருமளவு உடன்பாடு ஏற்பட்ட பிறகும் ஒரே ஒரு கேள்வி குறுக்கே நின்றது. தங்களிடம் உள்ள வட கொரிய, சீனக் கைதிகளில் பல்லாயிரம் பேர் தாயகம் திரும்ப விரும்பவில்லை என்றது அமெரிக்கத் தரப்பு. அனைவரையும் திருப்பி அனுப்பியே தீர வேண்டும் என்றன சீனாவும் சோவியத் யூனியனும்.

வெளிப்பார்வைக்கு இது சர்வதேசச் சட்டப் பிரச்னை. உள்ளே நடந்தது, எந்தச் சித்தாந்தம் மனிதர்களை ஈர்க்கிறது என்ற பிரசாரப் போட்டி. ஒரு கைதி தாய்நாட்டுக்குத் திரும்ப மறுத்தால், எதிரணிக்கு அது ஒரு வெற்றிச் செய்தி. அந்தச் செய்திக்காகப் போர் நீண்டது. களத்தில் மேலும் பல்லாயிரம் பேர் இறந்தனர்.

கைதிகளை நடுநிலை நாடுகளின் ஆணையத்திடம் ஒப்படைப்பது, யாரையும் பலவந்தமாக அனுப்புவதோ தடுத்து வைப்பதோ கூடாது என்பது மேனன் வகுத்த சமரசத் திட்டத்தின் சாரம். அமெரிக்கா முதலில் அதைச் சந்தேகத்துடன் பார்த்தது. சோவியத் பிரதிநிதி விஷின்ஸ்கி கடுமையாகச் சாடினார். இருப்பினும், 1952 டிசம்பர் 3-ம் தேதி பொதுச்சபையில் 54 நாடுகள் ஆதரிக்க, 5 நாடுகள் மட்டுமே எதிர்க்க, இந்தியத் தீர்மானம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு ஜூலையில் கையெழுத்தான போர்நிறுத்த உடன்பாட்டில் அந்தத் திட்டத்தின் அடிப்படை இடம்பெற்றது.

தாயகம் திரும்ப மறுத்த 22,000-க்கும் மேற்பட்ட கைதிகளை மேற்பார்வையிட்ட நடுநிலை ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் இந்திய ராணுவத்தின் திம்மய்யா. அவர்களில் பெரும்பாலோர் தைவானுக்கும் தென் கொரியாவுக்கும் சென்றனர். அமெரிக்கப் படையினர் 21 பேர் தங்கள் நாட்டுக்குத் திரும்ப மறுத்து சீனத் தரப்புடன் தங்கினர். இரு தரப்பும் தத்தம் எண்ணிக்கையைக் கொண்டாடின. கெடுபிடிகளுக்கு நடுவே இருவருக்கும் பொதுவான காவலராக இந்தியா நின்றது. அமைச்சராவதற்கு முன் மேனன் பெற்ற மிகப் பெரிய வெற்றி இதுவே எனலாம். இதில் பேச்சாற்றலைவிட, வரைவு வாசகங்களைச் செதுக்கும் சட்ட அறிவும் விடாமுயற்சியுமே அதிகம் பயன்பட்டன.

1954-ல் இந்தோ-சீனா பற்றிய ஜெனீவா மாநாட்டில் இந்தியா அதிகாரப்பூர்வ உறுப்பினர் அல்ல. ஆயினும் அங்கு சென்று, தூதுக்குழுக்களின் அறைகளுக்கு இடையே மேனன் சமரசம் பேசினார். 1955-ல் பெய்ஜிங் சென்று சூ என்லாயுடன் அவர் நடத்திய பேச்சுக்குப் பின், சீனாவின் பிடியில் இருந்த அமெரிக்க விமானிகள் நால்வர் விடுவிக்கப்பட்டனர். ஆனாலும் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு அவர் மீது இருந்த வெறுப்பு குறையவில்லை.

சூயஸும் ஹங்கேரியும்

1956-ம் ஆண்டு அவருடைய நடுநிலைமைக்குச் சோதனையாக அமைந்தது. சூயஸ் கால்வாயை எகிப்து தேசியமயமாக்கியதைத் தொடர்ந்து பிரிட்டனும் பிரான்ஸும் இஸ்ரேலும் படையெடுத்தபோது, மேனன் சற்றும் தயங்காமல் கண்டித்தார். அதே நாள்களில் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் நுழைந்து ஹங்கேரி மக்களின் கிளர்ச்சியை நசுக்கின. அங்கு அவருடைய குரலில் அதே வேகம் இல்லை. ஐ.நா. மேற்பார்வையில் ஹங்கேரியில் தேர்தல் நடத்தக் கோரிய தீர்மானத்தை நவம்பர் 9-ம் தேதி இந்தியா எதிர்த்தது. கம்யூனிஸ்ட் ஆட்சி அல்லாத நாடுகளில் அப்படி வாக்களித்தது இந்தியா மட்டுமே.

அந்நிய மேற்பார்வையில் தேர்தல் என்பதை ஏற்றால், அது காஷ்மீருக்கும் முன்னுதாரணமாகிவிடும் என்ற அச்சம் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. காரணத்தில் பொருள் இருந்தது. ஆனால், அணிசேராமை என்பது ஒரு பக்கம் சாய்ந்த தராசு என்று மேற்கத்திய நாடுகள் செய்துவந்த பிரசாரத்துக்கு அந்த வாக்கு ஆதாரமாகிவிட்டது. ஜெயப்பிரகாஷ் நாராயண் போன்றோர் உள்நாட்டிலேயே அரசின் நிலையை வெளிப்படையாகக் கண்டித்தனர்.

எட்டு மணி நேரப் பேச்சு

இரண்டு மாதங்களில் காட்சி மாறியது. 1957 ஜனவரி 23-ம் தேதி காஷ்மீர் பிரச்னையில் பாதுகாப்புக் கவுன்சிலில் மேனன் பேசத் தொடங்கினார். அன்று ஐந்து மணி நேரத்துக்கு மேல் பேசியவர், மறுநாளும் தொடர்ந்தார். மொத்தம் ஏறத்தாழ எட்டு மணி நேரம். அந்த நாள்களில் உடல் தளர்ந்து மயங்கியும் விழுந்தார். ஐ.நா. வரலாற்றின் மிக நீண்ட உரைகளுள் ஒன்றாக அது இன்றும் குறிப்பிடப்படுகிறது.

பலர் நினைவில் கொள்ளாத ஒன்றும் உண்டு. அந்தப் பேச்சு முடிந்த ஜனவரி 24-ம் தேதியே, இந்தியாவுக்குப் பாதகமான தீர்மானத்தை கவுன்சில் நிறைவேற்றியது. ஆதரவாகப் பத்து வாக்குகள். எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. சோவியத் யூனியன் வாக்கெடுப்பில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கி நின்றது. அடுத்து, காஷ்மீருக்கு ஐ.நா. படை அனுப்பும் யோசனையைக் குறிப்பிட்ட தீர்மானம் பிப்ரவரி 20-ம் தேதி வாக்கெடுப்புக்கு வந்தபோதுதான் சோவியத் யூனியன் தனது ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தியது.

பாகிஸ்தான் அப்போது அமெரிக்க ராணுவ உதவி பெற்று, மேற்கத்திய ராணுவக் கூட்டணிகள் இரண்டில் உறுப்பினராக இருந்தது. எனவே ஸ்ரீநகரின் எதிர்காலம் பனிப்போரின் கணக்கில் சேர்ந்துவிட்டது. கவுன்சிலில் இருந்தவர்களின் கைகளை மேனனின் வாதம் மாற்றவில்லை. அது மாற்றியது இந்தியர்களின் மனத்தை. வெள்ளைக்கார நாடுகள் நிறைந்த அவையில் ஒருவர் களைத்து விழும்வரை நமக்காக வாதாடினார் என்ற செய்தி, தேர்தல் நேரத்தில் நாடெங்கும் பரவியது. 1953-ல் சென்னை மாநிலத்திலிருந்து மாநிலங்களவைக்குச் சென்றிருந்த மேனன், வடக்கு பம்பாய் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்வு பெற்றார். 1957 ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சரானார்.

அமைச்சரும் தளபதியும்

ஆயுதங்களுக்கு வல்லரசுகளைச் சார்ந்திருக்கும் நாடு சொந்தக் குரலில் பேச இயலாது என்பதை மேனன் அறிந்திருந்தார். 1958-ல் பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு அமைப்பு உருவாக்கப்பட்டது. பெங்களூரில் வடிவமைக்கப்பட்ட மாருத் போர் விமானம் 1961 ஜூனில் முதல்முறையாகப் பறந்தது. பின்னர் விஜயந்தா டாங்கிகளைத் தயாரித்த ஆவடி தொழிற்சாலையும், உடுமலைப்பேட்டை அருகே அமராவதி நகரில் உள்ள சைனிக் பள்ளியும் அவர் அமைச்சராக இருந்த காலத்தில் தொடங்கப்பட்டவையே. அமெரிக்காவும் பிரிட்டனும் தடுக்க முயன்றபோதும், மிக்-21 போர் விமானங்களைப் பெறவும் உள்நாட்டில் தயாரிக்கவும் சோவியத் யூனியனுடன் 1962-ல் உடன்பாடு காணப்பட்டது. இந்திய விமானப்படையிலிருந்து மிக்-21 விடைபெற்றது 2025 செப்டம்பரில்தான்.

தொலைநோக்கு இருந்த இடத்தில் பொறுமை இல்லை. அதிகாரிகளை ஏளனம் செய்வதும், பதவி உயர்வுகளில் தலையிடுவதாக எழுந்த புகார்களும் படைத் தலைமையைப் புண்படுத்தின. கொரியாவில் மேனனின் திட்டத்தைச் செயல்படுத்திக் காட்டிய அதே திம்மய்யா, தரைப்படைத் தளபதியாக இருந்த நிலையில், 1959 ஆகஸ்ட் 31-ம் தேதி ராஜிநாமா கடிதம் கொடுத்தார். நேரு சமாதானம் கூறி அதைத் திரும்பப் பெறச் செய்தார். பின்னர் நாடாளுமன்றத்தில் தளபதியைக் குறை கூறும் வகையில் பேசி, அமைச்சரைக் காப்பாற்றினார். ராணுவத்தில் யாருடைய ஆலோசனைக்கு மதிப்பு இருக்கும் என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

திபெத்தில் 1959-ல் கிளர்ச்சி, தலாய் லாமாவின் வருகை, லாங்ஜுவிலும் கொங்கா கணவாயிலும் மோதல் எனச் சீன எல்லையில் அபாய அறிகுறிகள் பெருகின. மேனனின் கவனம் பாகிஸ்தான் மீதே இருந்தது. ஒரு சோஷலிச நாடு இந்தியா மீது படையெடுக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அந்நியச் செலாவணி ஒதுக்கத் தயங்கிய நிதி அமைச்சர் மொரார்ஜி தேசாயுடனான பூசலும், மலைப் போருக்கான தயாரிப்பைப் பின்னுக்குத் தள்ளியது.

பாம்பாட்டியின் பின்னணியில்

1961 டிசம்பரில் கோவாவுக்குள் இந்தியப் படைகள் நுழைந்து போர்த்துகீசிய ஆட்சியை முடித்து வைத்தன. பாதுகாப்புக் கவுன்சிலில் மேற்கத்திய நாடுகள் கொண்டு வந்த கண்டனத் தீர்மானத்தை சோவியத் யூனியன் மீண்டும் ரத்து அதிகாரத்தால் தடுத்தது. அடுத்த சில வாரங்களில் பொதுத் தேர்தல். வடக்கு பம்பாயில் மேனனை எதிர்த்து, பல எதிர்க்கட்சிகளின் ஆதரவுடன் ஆச்சார்ய கிருபளானி நின்றார்.

ஒரு மக்களவைத் தொகுதி உலகச் செய்தியானது. அமெரிக்காவின் டைம் வார இதழ் 1962 பிப்ரவரி 2-ம் தேதியிட்ட அட்டையில், பாம்பாட்டியைப் பின்னணியில் வைத்து மேனனின் முகத்தை வெளியிட்டது. மறுபுறம், மித்ரோகின் ஆவணங்களின் அடிப்படையில் 2005-ல் வெளியான நூல், மேனனின் அரசியல் நிலையை வலுப்படுத்தும் ரகசிய நடவடிக்கைகளுக்கு 1962 மே மாதத்தில் சோவியத் தலைமை தனது உளவு அமைப்பை அனுமதித்ததாகக் கூறுகிறது. மேனன் அதை அறிந்திருந்தார் என்பதற்கு அது சான்றாகாது. அவரை ஒருவர் எதிர்ப்பதும் மற்றவர் தாங்குவதும் இரு வல்லரசுகளின் ஆட்டத்தில் ஒரு பகுதியாகிவிட்டன என்பதை மட்டுமே அது காட்டுகிறது.

இதன் விளைவு இந்தியாவுக்குள்தான் கடுமையாக இருந்தது. சீன எல்லையில் தயார்நிலை இல்லை, படையில் அதிருப்தி நிலவுகிறது என்று கிருபளானி 1961 ஏப்ரலிலேயே மக்களவையில் எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கையை எடைபோட வேண்டிய தேர்தலில், மேனனை எதிர்ப்பவர் அமெரிக்காவின் ஆள், ஆதரிப்பவர் ரஷியாவின் ஆள் என்ற கூச்சலே மேலோங்கியது. காலணிகள், குளிர்கால உடைகள், துப்பாக்கிகள் பற்றிய கேள்விகள் அதில் அமுங்கிப் போயின. 1,40,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் மேனன் வென்றார்.

பதினெட்டு நாள்கள்

எட்டு மாதங்கள் கழித்து, 1962 அக்டோபர் 20-ம் தேதி சீனப் படைகள் எல்லையின் இரு முனைகளிலும் தாக்கின. கியூபா ஏவுகணை நெருக்கடியில் வல்லரசுகள் இரண்டும் மூழ்கியிருந்த வாரம் அது. பழைய துப்பாக்கிகளுடனும் பருத்தி உடைகளுடனும் இமயத்தின் உச்சிகளுக்கு அனுப்பப்பட்டிருந்த வீரர்கள் தீரத்துடன் போரிட்டும் நிலைகள் சரிந்தன. தவாங் வீழ்ந்தது.

காங்கிரஸ் எம்.பி.க்களே மேனனை நீக்க வேண்டும் என்று நேருவிடம் வலியுறுத்தினர். அக்டோபர் 31-ம் தேதி பாதுகாப்புத் துறையை நேரு ஏற்றுக்கொண்டு, மேனனைப் பாதுகாப்பு உற்பத்தி அமைச்சராக்கினார். கோபம் தணியவில்லை. முன்கூட்டியே அழைக்கப்பட்ட நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நவம்பர் 8-ம் தேதி தொடங்குவதற்கு முந்தைய நாள், மேனன் அமைச்சரவையிலிருந்து வெளியேறினார். போர் தொடங்கி பதினெட்டு நாள்கள்.

நவம்பர் 19-ம் தேதி அமெரிக்க அதிபர் கென்னடிக்கு நேரு கடிதங்கள் எழுதி, போர் விமானப் படைப்பிரிவுகளை அனுப்பிப் பாதுகாக்குமாறு கேட்டார். எந்த நாட்டின் நிழலிலும் நிற்க மாட்டோம் என்று பத்தாண்டுகள் உலக அரங்கில் இந்தியா கூறிவந்ததற்கு அது நேர்மாறானது. நவம்பர் 21-ம் தேதி சீனா தானாகப் போரை நிறுத்தியது. 1,300-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். ஏறத்தாழ 4,000 பேர் சிறைபிடிக்கப்பட்டனர்.

கடைசி ஆண்டுகள்

1967-ல் வடகிழக்கு பம்பாயில் போட்டியிட காங்கிரஸ் வாய்ப்பு மறுத்தபோது, கட்சியிலிருந்து விலகி சுயேச்சையாக நின்று மேனன் தோற்றார். அதே ஆண்டு இடைத்தேர்தலிலும் தோல்வி. 1969-ல் மேற்கு வங்கத்தின் மிதுனபுரியிலிருந்தும், 1971-ல் திருவனந்தபுரத்திலிருந்தும் இடதுசாரிகளின் ஆதரவுடன் மக்களவைக்குத் திரும்பினார். உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞராகவும் வாதாடினார். நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடுக்காக வாதாடியது அவற்றுள் குறிப்பிடத்தக்கது. தேநீரையே பெரும்பாலும் உணவாகக் கொண்டு வாழ்ந்த அந்த மணமாகாத மனிதர், 1974 அக்டோபர் 6-ம் தேதி தில்லியில் தமது 78-வது வயதில் காலமானார்.

சீனப் போரின் ராணுவத் தோல்வி குறித்து விசாரித்த ஹெண்டர்சன் புரூக்ஸ் - பகத் அறிக்கையின் சாரத்தை மட்டும் 1963 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சர் ஒய்.பி. சவாண் மக்களவையில் தெரிவித்தார். முழு அறிக்கையை வெளியிட வேண்டும் என்று பல கட்சிகளின் உறுப்பினர்கள் பலமுறை கேட்டும், எந்த அரசும் நாடாளுமன்றத்தில் அதை வைக்கவில்லை. அதன் ஒரு பகுதியை 2014-ல் இணையத்தில் வெளியிட்டவர் ஓர் ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர்.

உலக அவையில் நாட்டுக்காக வாதாட ஒரு நாவன்மை மிக்கவர் தேவை. அவர் அமைச்சராக அமரும்போது, அவர் பக்கம் யார், எதிர்ப்பக்கம் யார் என்று பாராமல் அவருடைய கோப்புகளைச் சோதிக்கும் நாடாளுமன்றமும் தேவை. மேனனின் காலத்து இந்தியாவுக்கு முதலாவது கிடைத்தது. இரண்டாவது தன் கடமையைச் செய்ய, அவர் பதவி விலகிய மறுநாள்தான் கூடியது.